விளக்கிக் கொடுத்த காசு

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலம், மாடி வீட்டுக்காரர்கள் நலம், சமையலறைக் குழாய்கூட ஆள் மாற்றி ஆள் வந்து பார்த்த பிறகு ஒழுகுவதை நிறுத்திவிட்டு நலமாக இருக்கிறது. நான் மட்டும்தான் நலமில்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம். போனில் பேசினால் கத்திவிடுவேன், நீயும் சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

அந்தக் கப்பல் காசு உனக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், மறுபக்கம் கொண்டை போட்ட பெண் தலை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் வாங்கினேன். வெள்ளி பழசாகி ஓரமெல்லாம் நீலமும் தேன் நிறமுமாக ஏறியிருந்தது, அந்த அழகுக்காகவே வாங்கியது. எங்கள் நாணயச் சங்கத்தில் பல் டாக்டர் அதைக் கேட்காத கூட்டம் கிடையாது. உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர், அங்கிள் அங்கிள் என்று நீ இன்றைக்கும் உருகுகிறாயே, அவரேதான். போன வருஷம் மனசு இளகி, அவரிடமிருந்த இரண்டு காசுக்கு மாற்றாக அதைக் கொடுத்தேன். சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அவர் கிளினிக்கிலேயே, நோயாளி வாயைத் திறந்துகொண்டு படுக்கிற நாற்காலிக்கு மேலே இருக்கும் பெரிய லைட்டை இழுத்து, அதற்குக் கீழே லென்ஸ் வைத்துக் காட்டினேன். பெண்ணின் கன்னத்திலும் கப்பல் பாயின் மேட்டிலும் மெல்லிய கோடுகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே திசையில். பழைய ஆல்பங்களில் காசுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பட்டையை இழுத்து மூடுவார்கள், அந்தப் பட்டை மேட்டில் உரசி உரசி விழுந்த கோடு அது. துணி போட்டுத் தேய்த்திருந்தால் மேட்டில் மட்டுமா கோடு விழும், எழுத்தைச் சுற்றி வெறுமையாக இருக்கிற இடத்திலும் விழுந்திருக்கும், அந்த நீலமும் போயிருக்கும். இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, சந்தோஷமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தக் காசு அதற்கு முன்னாலேயே ஒரு கம்பெனிக்குப் போய்ச் சான்று வாங்கி வந்தது. மருமகளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், இந்தக் கம்பெனிக்காரர்கள் காசைப் பார்த்துத் தரத்துக்கு ஒரு எண் போட்டு, உடைத்தால் ஒழியத் திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவார்கள். நல்ல எண்தான் கிடைத்திருந்தது. டாக்டருக்கு அது போதவில்லை. இன்னும் கூட வரும் என்று யாரோ ஏற்றிவிட, கூட்டை உடைத்துக் காசை வெளியே எடுத்து வேறொரு கம்பெனிக்கு அனுப்பினார். அங்கிருந்து எண்ணே இல்லாமல் திரும்பி வந்தது. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. வீட்டில் ஒருத்தியைப் பார்த்து இதைச் சொன்னால் பாராட்டு. எங்கள் ஆட்களிடம் இதைவிடக் கேவலமான வசவு கிடையாது, தேய்த்த காசைச் சீந்த ஆள் இருக்காது. அதுவும் தேய்த்துவிட்டு மறைத்துக் கொடுத்தவர் என்றால் அவரோடு ஒரே மேஜையில் உட்கார மாட்டார்கள்.

ஒரு கம்பெனி சரி என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. இரண்டு இடத்திலும் பார்க்கிறவர்கள் மனிதர்கள்தானே, தலைவலி இருக்கிற நாளும் இருக்கும் இல்லாத நாளும் இருக்கும். சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது இதைத்தான் சொன்னேன். கம்பெனிக்காரன் பொய் சொல்வானா என்றார் செயலாளர். கழுத்தில் லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டே திரிவதால் பூதக்கண்ணாடி என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோமே, அந்த மனுஷன். அப்போ முதல் கம்பெனிக்காரன் என்ன என் ஒன்றுவிட்ட தம்பியா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்போடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆத்திரத்தில் மேஜையைத் தட்டி, "அந்தக் காச நான் நல்லா விளக்கித்தான் டாக்டர் கையில குடுத்தேன்" என்று சொல்லித் தொலைத்தேன். எடுத்துச் சொல்லிக் கொடுத்தேன் என்ற அர்த்தத்தில் சொன்னது. பூதக்கண்ணாடியின் காதில் பாத்திரம் விளக்குகிற மாதிரி விழுந்திருக்கிறது. "பாத்தீங்களா, அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க" என்றார். வேலை பார்த்த காலமெல்லாம் இரண்டு அர்த்தம் தருகிற சொல்லைக் கண்டால் சிவப்பு மையில் வட்டம் போட்டவள் நான், என் வாயிலிருந்து வந்ததற்கு வட்டம் போட அங்கே ஆளில்லை. அப்புறம் நான் எவ்வளவு சொல்லியும் பாதிப் பேர் காதில் ஏறவில்லை. பொம்பளை கையில் காசு போனால் நாரும் சோப்பும் எடுத்து விளக்கத்தான் விளக்குவாள் என்று அவர்கள் முன்னமேயே முடிவு கட்டிவைத்திருந்தார்கள், என் சொல் வாகாகக் கிடைத்துவிட்டது.

அந்த அறையில் ஒரே ஒரு ஆள் வாயைத் திறந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். டாக்டருக்கு நான் என்ன விளக்கினேன் என்று தெரியும், அவர் லைட்டுக்குக் கீழேதானே விளக்கினேன். ஊரில் உள்ளவர் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பிழைக்கிற மனுஷன், தன் வாயை மட்டும் பூட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இத்தனை காலத்தில் என்னைப் பற்றிப் பல்லு மேல் நாக்குப் போட்டு ஒருத்தரும் பேசியதில்லை, கடைசியில் பல் டாக்டரால் அதுவும் நடந்தது. நான் அவர் பெயரைச் சொல்லியே கேட்டேன், அன்றைக்கு நான் சொன்னது ஞாபகமில்லையா என்று. அவர் போனை எடுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெரிய மனசு பண்ணுகிற குரலில், நீ அவருக்கு அனுப்பியதை எல்லோர் முன்னாலும் படித்தார். "அம்மாவுக்கு எது அழுக்கா இருந்தாலும் பிடிக்காது அங்கிள். வயசாயிடுச்சு, தெரியாம தொடச்சிருப்பாங்க. அவங்களுக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன், பெரிசு பண்ணாதீங்க."

அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் என்மேல் கோபம் இல்லை. எல்லோரும் பாவம் என்று பார்த்தார்கள். ஒருத்தர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படலாம், பாவம் பார்க்கிறவர்களை நான் என்ன செய்ய. என் லென்ஸைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன், அப்பாதான் மறுநாள் போய் வாங்கிவந்தார்.

உன்னை யாரடா இதில் மூக்கை நுழைக்கச் சொன்னது? நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், சண்டை வளராமல் பூசி மெழுகப் பார்த்தாய், அது எனக்குத் தெரியாமலில்லை. அப்பாவும் பையன் நல்லதுக்குத்தானே செய்தான் என்று உனக்கு ஒத்து ஊதுகிறார், அவரோடும் இப்போது உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு பேச்சு சரி. செய்யாத தப்புக்கு நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாயே, இனி அதை எந்த லென்ஸ் வைத்து நான் இல்லையென்று காட்டுவது? கண்காட்சிக்குக் காசு பொறுக்குகிற குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். காசைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு ஆட்சேபணையே இல்லை, டாக்டருடைய இரண்டையும் உறையில் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். சங்கத்துக்காரர்களோ, அதோடு 'தெரியாமல் துடைத்துவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பழையபடி வந்து உட்காருங்கள் என்கிறார்கள். சொல்ல மாட்டேன். சங்கத்தை விட்டே போகச் சொன்னாலும் போவேனே தவிர, அதைச் சொல்ல மாட்டேன்.

மருமகளுக்கு இருமல் இன்னும் விடவில்லை என்று அப்பா சொன்னார். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த அறையில் காற்றே கிடையாது. உனக்கும் மறுபடி பல் வலி என்று கேள்விப்பட்டேன், அங்கேயே ஒரு நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு, இந்த மனுஷனுக்குப் போன் போட்டு யோசனை கேட்டுக்கொண்டிருக்காதே.

மூன்றாவதாக இன்னொரு கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அனுப்பட்டும். அவன் எந்த எண்ணைப் போட்டாலும் என் வயிற்றெரிச்சல் அதில் தணியாது. என்மேல் பழி போட்ட கம்பெனிக்காரன்கூடக் காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பான். நீ எதைப் பார்த்தாய்? டாக்டரிடம் விசாரித்தாய், அப்பாவிடம் விசாரித்தாய், பிறகு எனக்காக மன்னிப்பும் கேட்டாய். அம்மா, நீ அதத் தொடச்சியா என்று என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோபத்தில் எழுதினாலும் வாழ்த்தில் குறை வைக்க மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் நம்பிக்கொண்டு, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சாப்பிட்டியாம்மா என்று ஆரம்பிக்காதே. முதலில் அதைக் கேள். பதில் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது, இருந்தாலும் கேள்.

உன் கேள்விக்குக் காத்திருக்கும்,
அம்மா