ஐஸ் பெட்டியில் பப்பாளிப் பூந்தூள்

சிவகாசி
12.3.2006

அத்தானுக்கு,

வீரலட்சுமி எழுதுவது. நலம் விசாரிக்க மனசு வரவில்லை, அதனால் விசாரிக்கவில்லை.

அண்ணன் நேற்று மல்லாங்கிணறு வழியாக வந்தபோது நம் பப்பாளித் தோட்டத்தைப் பார்த்திருக்கிறார். ஆண் மரம் ஒன்றுகூட இல்லையாமே? எல்லாவற்றையும் அடியோடு வெட்டிவிட்டீர்களாமே? ஆண் மரம் காய்க்காது, ஆனால் அதன் பூந்தூளான மகரந்தம் விழாமல் பெண் மரமும் காய்க்காது என்று எத்தனை தடவை தொண்டை வற்றக் கத்தியிருப்பேன்! தாவரவியல் படித்த பெண்டாட்டி பேச்சு உங்கள் காதில் ஏறாது. "காய்க்காத மரத்துக்கு எதுக்குலே தண்ணி" என்று அத்தை சொன்னால் மட்டும் ஏறும்.

இதே வார்த்தையைத்தான் தை மாதம் இருக்கன்குடி கோயிலில் சொந்தபந்தம் முன்னால் அத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்கள். நீங்கள் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அங்கிருந்தே பஸ் ஏறியவள்தான் நான். என்னை வெட்ட முடியவில்லை, மரத்தை வெட்டிவிட்டீர்கள்.

வீரலட்சுமி


மல்லாங்கிணறு
20.3.2006

வீரலட்சுமிக்கு,

பெத்தணன் எழுதுவது. கடிதமா அது? வக்கீல் நோட்டீஸ்கூட இதைவிட மரியாதையாக இருக்கும்.

என் தோட்டம், என் மரம். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. பூத்து உதிர்க்க மட்டுமே தெரிந்த மரத்துக்கு ஊற்ற என்னால் ஆகாது. அம்மா ஏதோ வாய் தவறிச் சொன்னதை நீ இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறாய். உன் அண்ணன் கடையில் குல்பி எடுத்துக் கொடுக்கவா உனக்குத் தாலி கட்டினேன்? ஊர் சிரிக்கிறது. மரியாதையாக வந்து சேர்.

பெத்தணன்


மல்லாங்கிணறு
26.4.2006

அன்புள்ள வீரலட்சுமிக்கு,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை.

மரத்தில் பிஞ்சு நிற்கவில்லை. பூ மலர்கிறது, மஞ்சளாகிறது, கொட்டுகிறது. காலையில் தோட்டத்துக்குள் போகவே வெறுப்பாக இருக்கிறது. பக்கத்தில் வேறு பப்பாளித் தோட்டமும் கிடையாது. நீ தை மாதமே பூந்தூள் எடுத்து நல்லசிவம் மச்சான் கடை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பதாக அவரே சொன்னார். அதைக் கொடுத்தனுப்பு. நான் கேட்டுவிட்டேன், போதுமா?

அன்புடன்,
பெத்தணன்


சிவகாசி
3.5.2006

அத்தானுக்கு,

இருக்கிறது. கோடை வெயிலில் பூந்தூளுக்கு வீரியம் குறைந்துவிடும் என்றுதான் இருக்கன்குடிக்குப் போவதற்கு முன்னால், பனிக்காலத்திலேயே எடுத்து வைத்தேன். நம் ஊரில் கரண்ட் அடிக்கடி போய்விடும் என்று அண்ணன் கடையில் வைத்தேன். குல்பிக்கு அடியில் கண்ணாடிக் குப்பியில் பத்திரமாக இருக்கிறது.

காயப்போடும்போது மதினி சிரித்தார்கள். "பட்டாசுத் திரி காயிற களத்துல வெயில்ல போடு, ஒரு நொடியில மொறுமொறுன்னு ஆயிரும்" என்றார்கள். வெயிலில் போட்டால் செத்துப்போகும். ஈரத்தோடு குளிரில் வைத்தாலும் செத்துப்போகும். நிழலில், காற்று படாமல், பக்கத்தில் இருந்து பார்த்துக் காய வைத்தேன். உங்கள் தோட்டத்துக்காகத்தான்.

தருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் மதுரைக்குப் போய் டெஸ்ட் எடுங்கள். நான் எத்தனை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். என்னிடம் குறை இல்லை என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள். "வீட்டுக்காரரைக் கூட்டி வாங்கம்மா" என்றார்கள். "ஆம்பளைக்கு என்னடி டெஸ்ட்டு" என்று நீங்கள் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டது. இப்போது போங்கள்.

வீரலட்சுமி


மல்லாங்கிணறு
18.5.2006

வீரா,

போனேன். குறை என்னிடம்தான்.

அம்மாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரிய வேண்டாம். உன் காலில் விழுந்து கேட்கிறேன், நமக்குள்ளேயே இருக்கட்டும். நீ வந்துவிடு. அம்மா ஏதாவது சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடு. நான் உன்னைத் தங்கமாக வைத்துக்கொள்கிறேன்.

உன் பெத்தணன்


சிவகாசி
25.5.2006

பெத்தணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் உங்களை நினைத்து அழுதேன். அப்புறம் "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்ற வரி வந்தது. உங்கள் மானத்துக்காக நான் சாகும்வரை மலடியாக இருக்க வேண்டும், அப்படித்தானே?

நேற்று நீங்கள் விருதுநகர் சந்தைக்குப் போயிருந்தபோது தோட்டத்துக்கு வந்தேன். குப்பியைக் குளிர் விடும்வரை திறக்காமல் வைத்திருந்து, மலர்ந்த பூவுக்கெல்லாம் தூரிகையால் தொட்டு வைத்தேன். மரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அத்தை வரப்பில் வந்து நின்றார்கள்.

"இதத் தடவுனா காய்ச்சிருமாடி?"

"காய்க்கும் அத்தை. பொட்ட மரத்துல ஒரு குறையும் இல்ல."

"அவன் மதுரைக்குப் போனானே, அதுக்கா?" என்றார்கள். "ஒங்க மகன்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்நேரம் கேட்டிருப்பார்கள். நீங்கள் என்ன சொன்னீர்களோ, எனக்குத் தெரிய வேண்டாம். இனி அங்கே நான் வரமாட்டேன். பிஞ்சு பிடித்துப் பழுத்தால் முதல் பழத்தை அத்தைக்குக் கொடுங்கள். விதையை எடுத்து நிழலில் காயப்போடுங்கள். முளைத்து வருவதில் ஆண் கன்று இருந்தால் வெட்டாதீர்கள்.

நல்லசிவத்தின் தங்கை,
வீரலட்சுமி