அஞ்சலையின் மூன்றாவது மகன்

ஆகஸ்ட் 5, செவ்வாய்.

இன்று துறைத்தலைவரை அடித்துவிட்டேன். என் கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பியிருந்தது. போன மாதம் அவர் வெளியிட்டதிலிருந்து நான் திருடினேனாம். வீராம்பட்டினத்தில் அஞ்சலை மாதிரி மீன் விற்கும் பெண்களிடம் நான் நான்கு வருடம் கேட்டு எழுதியது அது. திருத்தித் தரச் சொல்லி அவரிடம் கொடுத்திருந்தேன்.

"சார், அஞ்சலைக்கு எத்தன பசங்க?"

"மூணு. அதான் எழுதியிருக்கேனே."

"ரெண்டுதான். இன்னொருத்தி புள்ளய நான் தப்பா சேத்து எழுதிட்டேன். அதையும் அப்படியே எடுத்துட்டீங்க."

சிரித்தார். "அப்போ உங்க ஆராய்ச்சியே தப்புன்னு ஒத்துக்குறீங்களா மேடம்? புகார்ல அதையும் எழுதுங்க."

மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து அவர் வாயில் அடித்தேன். உதடு கிழிந்தது. என் கையை முறுக்கி அலமாரியில் இடித்தார். மறுபடியும் அடித்தேன். பல் விழுந்தது.

வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன். நாளை விசாரணை. அடித்ததை உடனே ஒப்புக்கொள்வேன். நான் தப்பாக எழுதிய அந்த மூன்றாவது மகனைச் சொல்லத்தான் வாய் வருமா என்று தெரியவில்லை.