நீதிபதி இன்றும் லீவு

அடிஸ் அபாபா, எத்தியோப்பியா
10.7.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இங்குள்ள குழந்தையைத் தத்தெடுக்க ஹெப்சி உங்கள் பேரப்பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஆம்பூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் கோர்ட்டு உத்தரவு கிடைக்கவில்லை. நீதிபதி இன்றும் லீவு.

"இன்னாங்க இது! அங்க ஸ்கூல் தொறந்துட்டாங்க. பசங்கள வச்சிக்கினு எத்தனை வாட்டி அலையறது?" என்று ஹெப்சி கோர்ட்டு வாசலிலேயே கத்திவிட்டாள். இங்கே நான் வேலை செய்யும் தோல் ஃபேக்டரியில் எனக்கும் இனி லீவு தரமாட்டார்கள்.

அப்படியே காப்பகத்துக்குப் போனோம். இதுவரை எங்களைக் கண்டாலே அழுத குழந்தை இன்று மூத்தவன் ரூபன் மடியில் தூங்கிவிட்டாள். கிளம்பும்போது விழித்துக்கொண்டு அவன் சட்டையை விடவேயில்லை.

"நம்ம பாப்பாவ ஏன்பா அங்கயே விட்டுட்டு வர்றோம்?" என்று ரூபன் கேட்டான்.

இங்கே குளிர் ஜாஸ்தி. இங்கிருந்து ஊருக்கு வந்திருக்கும் என் நண்பரிடம் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கொடுத்தனுப்புங்கள். மூன்று வேண்டும், அம்மா.

அவசரத்தில் முடிக்கிறேன்.

உங்கள் மகன்,
எபனேசர்