டிசம்பர் முழுக்கக் கரோல்

நவம்பர் 17, திங்கள்

மொத்தச் சந்தைக்கு மரக்கறி ஏற்றப் போகும்போது, எந்த வீதியில் நெரிசல் என்று அறிய வான் வண்டியில் ஆங்கில வானொலியைப் போட்டேன். கிறிஸ்மஸ் பாட்டு. அது முடிந்ததும் இன்னொரு கிறிஸ்மஸ் பாட்டு. வீட்டு வாசல்களில் ஹலோவீன் பூசணிக்காய்கள் இன்னும் அழுகிக்கொண்டு கிடக்கின்றன, இவர்கள் அதற்குள் மாறிவிட்டார்கள். இனி நத்தார் முடியும்வரை இதேதான், வேறெதுவும் கிடையாது.

சந்தையில் வெங்காயம் விற்கும் இத்தாலிக்காரரிடம் இதைப் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எல்லாரும் முணுமுணுப்பார்கள், ஒருவரும் நிறுத்தமாட்டார்கள், வருடத்திலேயே அந்த வானொலியை அதிகம் பேர் கேட்பது இப்போதுதான் என்றார். அது மண்டைக்குள் நின்றுவிட்டது.

ஏனென்றால் நேற்று இராஜரட்ணம் அண்ணை கடைக்கு வந்து, தன்னுடைய செவ்வந்தி வானொலியை வருடக் கடைசியோடு மூடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருடமாக ஓடியது. விளம்பரம் தந்தவர்கள் எல்லாம் முகநூலுக்குப் போய்விட்டார்கள். "இனி ஆருக்குத் தங்கச்சி நான் கத்துறது?" என்றார். நானும் விளம்பரத்தை நிறுத்துவதாகத்தான் இருந்தேன். சொல்ல வாய் வரவில்லை.

இரவு முழுக்க யோசித்தேன். வானொலி நின்றால் நட்டம் எனக்குத்தான். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முகநூல் பக்கம் போகாதவர்கள். குசினி யன்னலில் றேடியோவை வைத்து, அதில் நான் என்ன மலிவு என்று சொல்கிறேனோ அதைக் கேட்டு வருகிறவர்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

தீபாவளி முடிந்தால் தைப்பொங்கல் வரை தமிழ்க் கடை தூங்கும். நடுவில் எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நாங்களே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் எந்தச் சைவ வீடு கிறிஸ்மஸ் கேக் சாப்பிடாமல் விட்டது? இங்கே பாதி வீட்டில் மரமும் வைக்கிறார்கள். பிறகென்ன?

உள்ளதை எழுதினால், பின்னறையில் கேக்குக்குப் போடுகிற பூசணித் தோசியும் முந்திரிக் கஜுவும் றோஸ் எசன்சும் கூரை முட்ட இருக்கின்றன. கொழும்பிலிருந்து அளவுக்கு மிஞ்சி எடுத்தது என் பிழை. கேக் அடிக்கிற எண்ணத்தை ஆட்களுக்கு யாராவது ஊட்ட வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

பல் வைத்தியருக்கு மேல்மாடியில்தான் செவ்வந்தி வானொலி. போய்ச் சொன்னேன்: டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து முழு நாளும் தமிழ்க் கிறிஸ்மஸ் பாட்டு. அந்த மாதத்துக்கு முதல் விளம்பரம் நான் தருகிறேன், தெரிந்த கடைகளிடமும் வாங்கித் தருகிறேன்.

இராஜரட்ணம் அண்ணை நெற்றி நிறைய விபூதியோடு என்னைப் பார்த்தார். கோயிலில் பிள்ளையார் கதை படிக்கிற விரத காலத்தில் கரோல் போட்டால் கோயில்காரர் என்ன சொல்வார்கள் என்றார். பிள்ளையார் கோவிக்கமாட்டார், கோவிக்கிறவர்கள் விளம்பரம் தருகிறவர்களா என்று கேட்டேன். அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் மகன் கஜீவனும் கூட வந்திருந்தான். மார்க்கம் நகரில் கணினி வேலை. "அங்கிள், ஹாஃப் ஹாஃபா செய்தா வேலை செய்யாது. இங்கிலிஷ் றேடியோக்காரர் சுவிச் பண்ணினா ஃபுல்லாத்தான் சுவிச் பண்ணுறாங்கள்" என்றான். எனக்கும் அது சரியாகப் பட்டது. சினிமாப் பாட்டு, செய்தி, கலந்துரையாடல், மூன்று வேளையும் வாசிக்கும் மரண அறிவித்தல், எல்லாவற்றையும் இணையத்தளத்தில் போடுவது, வானலையில் கரோல் மட்டும் போவது என்று நானே அடித்துச் சொன்னேன்.

காலை நிகழ்ச்சி செய்கிற செலீன் யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பிள்ளை, வேதக்காரி, கிறிஸ்தவள். அவள் சந்தோசத்தில் துள்ளுவாள் என்று நினைத்தேன். ஒன்று மட்டும் கேட்டாள்: "அறிவித்தலுமா அக்கா?"

அறிவித்தலும்தான் என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

மாறிவிட்டோம்! காலை ஆறு மணிக்குச் செலீன் மணியோசையோடு தொடங்கினாள். கடையில் சத்தமாகப் போட்டுவிட்டேன். மீன் வெட்டுகிற தம்பி கத்தியால் தாளம் போடுகிறான்.

டிசம்பர் 4, வியாழன்

தோசி போகிறது. ஒரு அன்ரி, தீட்சை கேட்டவர், மச்ச மாமிசம் தொடாதவர், முட்டை இல்லாமல் கேக் அடிப்பது எப்படி என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிச் சொன்னேன்.

பாட்டுத்தான் பஞ்சம். தமிழில் நல்ல பதிவு கொஞ்சம்தான் கிடைத்தது, அதையே சுற்றிச் சுற்றிப் போடுகிறார்கள். காசாளர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் பாடமாகிவிட்டது.

டிசம்பர் 9, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது.

பின்னேரம் கௌசி வந்தாள், எனக்குப் பழைய பழக்கமான ரதி அக்காவின் மகள். கூடைக்குள் வாளைக் கருவாடு, ஒடியல் மா, பனங்கட்டி, எள்ளு. என்ன பிள்ளை, ஊர்ச் சாப்பாடாக அள்ளுகிறாய், ஆர் வருகினம் என்று பகிடியாய்க் கேட்டேன்.

"அப்பாவின்ரை எட்டுச் செலவுக்கு அன்ரி."

விநாயகமூர்த்தி அண்ணைக்கு எட்டாம் நாள் படையல். போன வியாழக்கிழமை. நித்திரையில் போய்விட்டாராம். சனியும் ஞாயிறும் பார்வைக்கு வைத்து ஞாயிறே எரித்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. அறிவித்தலை வழக்கம்போல வானொலிக்குத்தான் குடுத்திருக்கினம். அது இணையத்தளத்தில் கிடந்திருக்கு. ஆர் போய்ப் பார்க்கிறது? அவரின்ரை வயசுக்காரர் ஆர் அதைத் தட்டிப் பார்ப்பினம்? முன்வரிசை மட்டும்தான் நிறைஞ்சது எண்டு சொன்னாள் கௌசி. கோவிக்கவுமில்லை. காசைக் குடுத்திட்டு, நான் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல எண்ணிக் குடுத்திட்டு, போயிட்டாள்.

பார்க்டேலில் நான் இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கியபோது முதல் பார்சல் வாங்கியவர் அந்த மனிதர். அடுத்த நாள் தன் மாடிக் குடியிருப்புக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவரின் செத்தவீட்டு நேரம் என் கடையில் என்ன பாட்டுப் போனது? நான் என்ன செய்துகொண்டு நின்றேன்? கேக் பேப்பர் அடுக்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

செலீன் கேட்டாளே. அறிவித்தலுமா அக்கா எண்டு கேட்டாளே.

டிசம்பர் 10, புதன்

காலையிலேயே ரதி அக்கா வீட்டுக்குப் போனேன். படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. அறிவித்தலை நிறுத்தச் சொன்னது இராஜரட்ணம் அண்ணை இல்லை, நான்தான் என்று சுற்றிவளைக்காமல் சொன்னேன்.

அக்கா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"இராசேஸ்வரி, இந்த மனுசன் காலமை அறிவித்தல் கேட்டுப்போட்டுத்தான் தேத்தண்ணியிலை கை வைக்கும். தெரிஞ்சவையோ தெரியாதவையோ, ஊர்ப் பேர் கேட்டா வெளிக்கிட்டிடும். பஸ் பிடிச்செண்டாலும் போகும். வெறும் மண்டபத்திலை ஆரும் கிடக்கப்படாது எண்டு சொல்லும். கடைசியிலை தான் கிடந்துது."

நான் அழுதேன். அவர் அழவில்லை. பிந்தியாவது வானொலியில் ஒரு அறிவித்தல் வாசிக்கச் செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். தேத்தண்ணி தரவில்லை. சரிதானே.

டிசம்பர் 11, வியாழன்

கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. மருந்துக்கடைக்காரரும் வீடு விற்கிற முகவரும் விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள். கோயில்காரர் ஒருவர் தொலைபேசியில் அண்ணையைக் கிழித்துவிட்டார். மேல்மாடியில் கூடினோம். இராஜரட்ணம் அண்ணை உடைந்துபோய் இருந்தார். வருடக் கடைசிவரைக்கும் போகத் தேவையில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமையே மூடுவோம் என்றார்.

அறிவித்தலை இன்றைக்கே திரும்ப வாசியுங்கள் என்றேன். எப்படி வாசிக்கிறது, செத்தவரின் பேரைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் மத்தளமும் கைதட்டும் போடுவதா என்று கேட்டார். கரோலை நிறுத்தினால் தோற்ற வானொலி, நிறுத்தாவிட்டால் ஈவிரக்கமில்லாத வானொலி.

அப்போதுதான் செலீன் வாயைத் திறந்தாள்.

"எங்கடை பக்கம் செத்தவீடு நடந்த வீட்டைக் கரோல்காரர் விட்டிட்டுப் போறேல்லை அண்ணை. ஒழுங்கை முகப்பிலையே மேளத்தை நிப்பாட்டிப்போடுவினம். லைட்டைக் குறைச்சுக்கொண்டு உள்ளை போய், கைதட்டாமல் ஒரு பாட்டுப் பாடுவினம். சைவ வீடெண்டாலும் தான். பிறகு அடுத்த ஒழுங்கையிலைதான் மேளம். விட்டிட்டுப் போனாத்தான் அந்த வீட்டுக்காரருக்கு மனம் நோகும்."

கீழே பல் வைத்தியர் யாருக்கோ துளை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார் அண்ணை.

"கேட்டால்தானே" என்றாள் செலீன். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

டிசம்பர் 12, வெள்ளி

காலை ஏழு மணி. பாட்டு நின்றது. செலீன் மூன்று அறிவித்தல் வாசித்தாள். பிறப்பிடம், வதிவிடம், பிள்ளைகள் பெயர், பார்வைக்கு வைக்கும் இடம், எல்லாம் ஆறுதலாக. கொஞ்சம் மௌனம். பிறகு அவளே, வாத்தியம் ஒன்றும் இல்லாமல், ஒரு பாட்டுப் பாடினாள். குரல் ஒரு இடத்தில் பிசகியது. கடையில் வரிசையில் நின்றவர்கள் சாமானைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். மீன் வெட்டுகிற தம்பி தண்ணீர்க் குழாயை மூடினான்.

முடிந்ததும் மேளம்.

நான் ஒருவரின் சாமானைப் பில்லில் இரண்டுமுறை அடித்துவிட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

நினைத்தே பார்க்கவில்லை. ஆட்கள் வானொலிக்குத் தொலைபேசியில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அறிவித்தலில் வந்த ஊர்க்காரர் எடுத்து, இந்த முறை நான் பாடுகிறேன் என்கிறார்கள். பிறம்ரனில் லொறி ஓடுகிறவர் ஒருவர் பாரம் இறக்குகிற இடத்தில் லொறியை நிறுத்திவிட்டுத் தன் ஊர்த் தேவாலயத்துக் கரோலைப் பாடினார். ஒரு சைவ அன்ரி தங்கள் படலையடியில் கேட்டது என்று முதல் இரண்டு வரியைப் பாடி, மிச்சம் தெரியாதவர் எடுங்கோ என்றார். தெரிந்தவர் என்று சொல்ல வந்திருப்பார். தெரிந்தவர்கள் மூன்றுபேர் எடுத்துவிட்டார்கள்.

பாட்டுப் பஞ்சமும் தீர்ந்தது. கஜீவன் எல்லாவற்றையும் பதிந்து வைக்கிறான். "அம்மா, திஸ் இஸ் கோல்ட்" என்கிறான். எனக்கு அது விளங்கும்.

டிசம்பர் 18, வியாழன்

மருந்துக்கடைக்காரர் விளம்பரத்தைத் திரும்பத் தந்துவிட்டார். அறிவித்தலுக்குக் கிட்ட உள்ள நேரம்தான் வேண்டுமாம். அந்த நேரம் மட்டும் விற்பனைக்கு இல்லை என்று சொல்லச் சொன்னேன். வியாபாரம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 21, ஞாயிறு

தோசி முடிந்துவிட்டது. ரதி அக்கா கடைக்கு வரவில்லை. கௌசியும் வரவில்லை.

டிசம்பர் 24, புதன்

மத்தியானம் செலீன் தொலைபேசியில் எடுத்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. றேடியோவைப் போடுங்கோ அக்கா என்றாள்.

ரதி அக்கா தானாகவே வானொலிக்கு எடுத்திருக்கிறார். ஜனவரி மூன்றாம் திகதி விநாயகமூர்த்தியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம், மதிய போசனம், இடம் இன்னது, அறிவித்தலாக வாசி பிள்ளை என்று சொல்லியிருக்கிறார். பிறகு செலீனிடம் கேட்டிருக்கிறார், செத்தவருக்கு இப்ப ஒரு பாட்டுப் பாடினால் பிந்திப்போச்சா என்று. பிந்தவில்லை என்றாளாம் செலீன்.

அறிவித்தலை இராஜரட்ணம் அண்ணையே வாசித்தார். செலீன் பாடினாள். இந்தமுறை குரல் பிசகவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

கடை பூட்டு. ஆங்கில வானொலியில் இன்னும் அதே பாட்டுகள். செவ்வந்தியில் திருவெம்பாவை தொடங்கிவிட்டது. செலீன் தேவாலயப் பூசைக்குப் போக வேண்டும் என்று அவளுடைய காலை நேரத்தை அண்ணை எடுத்துக்கொண்டார். திருவெம்பாவை முடிந்ததும் அறிவித்தல். அதன் பிறகு வாத்தியமில்லாமல் ஒரு தேவாரம், பாடியது யாரோ ஒரு வீட்டுக்கார அம்மா, பின்னால் குக்கர் விசில்.

டிசம்பர் 31, புதன்

இன்றைக்குத்தான் மூடுவதாக இருந்தது. பின்னேரம் இராஜரட்ணம் அண்ணை கடைக்கு வந்தார். மூடுவதைப் பற்றி ஒரு கதையும் இல்லை. ஒரு கிலோ சின்ன வெங்காயம் நிறுக்கச் சொன்னார். போகும்போது வாசலில் நின்று, "பொங்கல் விளம்பரம் என்ன மாதிரித் தங்கச்சி, பானையை முதல் சொல்லுறதோ அரிசியை முதல் சொல்லுறதோ?" என்றார்.

பானையை என்றேன்.

ஜனவரி 3, சனி

காலையில் பனி கொட்டியது. இந்தப் பனிக்கு யார் வரப்போகிறார்கள் என்று பயந்துகொண்டுதான் மண்டபத்துக்குப் போனேன்.

காரை விட இடமில்லை. இரண்டு சுற்றுச் சுற்றினேன். பக்கத்துக் கடைத்தொகுதியில் விட்டுவிட்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, பூட்ஸ் புதையப் புதைய நடந்தேன். முன்னால் ஒரு வயதான புருசன் பெண்சாதி கையைப் பிடித்தபடி நடந்தார்கள். விநாயகமூர்த்தி அண்ணையை எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். பழக்கமில்லை, றேடியோவில் கேட்டோம், ஊர்ப் பேரைச் சொன்னார்கள் என்றார் அந்த மனிதர்.

ரதி அக்கா வாசலில் நின்றார்.

"ஏன் இவ்வளவு பிந்தினனீ?"

"கார் விட இடமில்லை அக்கா."

என் தோளுக்கு மேலால் வெளியே பார்த்தார். அடுக்கடுக்காய் நின்ற கார்கள், இன்னும் வழியில் நடந்து வருகிறவர்கள், அவர்களின் தொப்பியில் பனி. பார்த்தபடியே நின்றார்.

"உள்ளை போய்ச் சாப்பிடு" என்றார். "முதல் தேத்தண்ணி குடி."