முதல் கூலிங் பீர் கொடுத்தவனுக்கு

என் உசுரான மாணிக்கண்ணே,

குரும்பலூரிலிருந்து உன் தங்கச்சி பாக்கியம் எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. வயிறு எரிகிறது. யாரிடம் போய்க் கத்துவது என்று தெரியாமல்தான் உன்னிடம் வந்திருக்கிறேன்.

போன வாரம் நம்ம பார் இருந்த பக்கம் போனேன். இப்போது வேறு ஆள் எடுத்து நடத்துகிறான். கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜ், சுவரெல்லாம் கலர் கலராக லைட். மீசை அரும்பிய ஒருத்தன் “கூலிங் இருக்கா?” என்று அதிகாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“ஏம்ப்பா, இந்த ரோட்டுல மொதமொதல்ல கூலிங் பீரு போட்டது யாருன்னு தெரியுமா?”

“யாரு போட்டா என்னக்கா? ஜில்லுன்னு இருந்தா சரி.”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. ஆனாலும் அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட வேண்டும்போல இருந்தது. உன்னை இவர்களுக்கு இனி எதற்கண்ணே? பீர் இருக்கிறது, ஐஸ் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. நீ மட்டும் இல்லை, அவ்வளவுதானே?

நீ கடை போட்ட காலத்தில் பெரம்பலூரில் பீர் என்றால் வெந்நீர்தான். கறுப்புப் பையில் சுற்றி வாங்கிப் போய், சுவருக்குப் பின்னால் நின்றபடி மடமடவென்று ஊற்றிக்கொண்டு ஓடுவார்கள். சிறுவாச்சூர் தாண்டி ரோட்டோரம் கொட்டகை போட்டு, ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து, மேசை நாற்காலி போட்டு, கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் கொடுத்தது நீதான். “குடிக்கிறவனும் மனுசன்தான், உக்காந்து குடிக்கட்டும்”னு சொன்னாய். பின்கட்டில் எனக்கு ஒரு அடுப்பு. மீன் வறுவல், முட்டைப் பொரியல், சுண்டல். பஸ் ஏறி வந்தார்கள் பாவிகள். அரியலூர்க்காரன் இங்கே வந்தான், இந்த ஊர்க்காரன் அந்தப் பக்கம் போனான். சொந்தக்காரன் கண்ணில் படாமல் குடிக்க வேண்டும், அதுதான் அவர்களுக்கு முக்கியம்.

சண்டை இல்லாத நாள் ஏது? ஒருத்தன் காதை ஒருத்தன் கடித்துத் துப்பியதை நானே பார்த்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிக்காரன் பெஞ்சைத் தூக்கி அடித்தான், எதிராளிக்கு முன்பல் ரெண்டும் போயிற்று. நீ ரெண்டு பேர் பிடரியையும் பிடித்து மண்டையோடு மண்டை மோதவிட்டு வெளியே தள்ளுவாய். மறுநாள் ரெண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து ஒரே மேசையில் உட்காருவார்கள். ஒருமுறை உன் முதுகுப் பக்கமாகக் கத்தியோடு வந்தவன் மேல் நான் கொதிக்கிற எண்ணெயை ஒரு கரண்டி வீசினேன். “கொலகாரி ஆயிருப்பியே பாப்பா”ன்னு திட்டிவிட்டு, அவனை உன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய்.

அரசாங்கமே மதுக்கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு, கடையை ஒட்டிய பாரை மட்டும் நீ டெண்டரில் எடுத்தாய். டெண்டர் கிடைக்காதவன் சும்மா இருப்பானா? அவன் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன், அந்த மரியாதை அவனுக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பார் நிறைய ஆள் இருக்கும்போது வந்தான்.

“மாணிக்கம், மரியாதையா பாரை வுட்டுட்டுப் போயிடு.”

“உக்காரு. ஒரு பீரு குடி. அப்புறம் பேசுவோம்”னு சொன்னாய். அவனுக்குக் கொடுக்க நீயே பாட்டிலைத் திறந்தாய். அந்தப் பாட்டிலைப் பிடுங்கி மேசை விளிம்பில் உடைத்து உன் கழுத்தில் குத்தினான். ஒரு தடவை இல்லை. நான் ஓடி வந்து அவன் கையைக் கடித்தேன், சதை வாயோடு வந்தது. என்னை உதைத்துத் தள்ளிவிட்டு மறுபடியும் குத்தினான். நுரையும் ரத்தமும் சேர்ந்து தரையில் ஓடியது. இன்றைக்கும் பீர் வாடை வந்தால் எனக்குக் குமட்டுகிறது.

பார் நிறைய இருந்தார்களே, என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடினார்கள். உரக்கடை பழனிவேல் ஓடும்போதுகூடத் தன் பாட்டிலை விடவில்லை, இடுக்கிக்கொண்டு ஓடினான். மூலை மேசையில் எப்போதும் தனியாக உட்காருவாரே, பெயர்கூட நமக்குத் தெரியாத ஒரு வேட்டிக்காரர், அவர் மட்டும் நின்றார். துண்டை உன் கழுத்தில் அழுத்திக் கட்டி, உன்னை வண்டியில் தூக்கிப் போட்டார். டவுன் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

கேஸ் கோர்ட்டுக்கு வர இத்தனை நாள் ஆயிற்று. நான் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். கூடப்பிறந்தவள் இப்படித்தான் சொல்லுவாள் என்றார். நம்ம வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டு, “வெளியாள் ஒருத்தராவது சொல்லணும்மா. இல்லேன்னா அவன் வெளிய வந்துருவான்” என்றார்.

வெளியாளுக்கா பஞ்சம்? எல்லாரும் உன் கையால் குடித்தவர்கள். ஒவ்வொருத்தனாக ஏறினான், ஒவ்வொருத்தனாகப் பல்டி அடித்தான். பழனிவேல் ஏறினான்.

“எனக்குக் குடிப்பழக்கமே கெடையாதுங்க. பஸ்ஸுக்கு நின்னேன். சத்தம் கேட்டுச்சு, போயிட்டேன்.”

வெளியே வந்ததும் சட்டையைப் பிடித்து அறைந்தேன். அவன் உதடு கிழிந்தது. மறுபடியும் அறைந்தேன். கான்ஸ்டபிள் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் விலக்க முடிந்தது. கூட வந்திருந்த அண்ணி ஓவென்று அழுதாள்.

“பயந்துட்டியாடா? அவன் மெரட்டினானா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்லக்கா.” அழுதான் அண்ணே. “பொண்ணுக்கு வரன் வந்திருக்கு. பாருல உக்காந்து குடிச்சேன்னு கோர்ட்டுல எப்படிக்கா சொல்லுவேன்? மூஞ்சில முழிப்பாங்களா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கத்திக்குப் பயந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். வெட்கப்பட்டிருக்கிறார்கள்! உன் கையால் வாங்கிக் குடித்ததைச் சொல்ல வெட்கம்! உன் உயிரைவிட அந்த வெட்கம் பெரிதா? அன்றைக்கு முடிவு செய்தேன், அவன் வெளியே வந்தால் அரிவாளோடு நானே போவது என்று. அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

கடைசி சாட்சியாக அந்த மூலை மேசைக்காரர் தானாகவே முன்வந்தார். பெயர் சாமிதுரையாம். உடையார்பாளையம் பக்கம், நிலபுலன் உள்ள பெரிய குடும்பம். கூட அவர் சம்சாரமும் வந்திருந்தார். என்ன கேஸ் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது போல, டிபன் டப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க அங்க எதுக்குப் போனீங்க?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பித்தார்.

“பீரு குடிக்கப் போனங்க.”

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது.

“அடிக்கடி போவீங்களா?”

“வாராவாரம் போவங்க. வூட்டுல தெரியாது. வாரச்சந்தைக்கின்னு சொல்லிட்டு வருவன்.”

“குடிகாரன் சொல்றத எப்படி நம்புறது?”

“நீங்க நம்புங்க, நம்பாதீங்க சார். ரத்தம் எம்மேலதான் பீச்சி அடிச்சுச்சு. குத்துனது அதோ நிக்கிறானே, அவன்தான்.”

“இத்தனை நாளா ஏன் வாயைத் தொறக்கல?”

“வெக்கமா இருந்துச்சுங்க. இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு. அதுக்காவ அந்த மனுசன அனாதையா வுட முடியுமா?”

நான் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மா எழுந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். இவர் பின்னாலேயே ஓடினார். அந்த வீட்டில் என்ன நடந்ததோ, எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்பு அடுத்த வாய்தாவில். நல்லபடியாக வரும் என்கிறார் வக்கீல். அரிவாளை நான் எடுக்க மாட்டேன் அண்ணே. உனக்காக ஒரு ஆள் வாயைத் திறந்துவிட்டார். அந்தச் சொல்லை நான் ரத்தத்தில் முக்க மாட்டேன்.

நேற்று உன் நினைவு நாள். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு போஸ்டர் பார்த்தேன். நாங்கள் அடித்தது இல்லை. உன் படத்துக்குக் கீழே, “உன் கடையில் குடித்தவன், சாமிதுரை, உடையார்பாளையம்” என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதற்கும் கீழே, யார் யாரோ பேனாவால் தங்கள் பெயரைக் கிறுக்கியிருந்தார்கள். நம்ம லாரிக்காரர்கள், சிமெண்டு ஆலைக்காரர்கள். ஒவ்வொரு பெயராகத் தடவிப் பார்த்தேன்.

கடைசியில் பழனிவேல் பெயரும் இருந்தது. அந்த இடத்திலேயே நகத்தால் சுரண்டி எடுத்தேன். காகிதம் கிழிந்தது, சுண்ணாம்பு உதிர்ந்தது, என் விரலிலும் ரத்தம் வந்தது. ஆட்டோக்காரர்கள் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணே, உன் கடையில் குடித்தேன் என்று நாலு பேர் முன்னால் கூசாமல் சொல்லுகிறவன் பெயர் மட்டும்தான் உனக்குக் கீழே இருக்கும். வருஷா வருஷம் நானே போய்ப் பார்ப்பேன். நகம் வளர்த்து வைத்திருக்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பார்க்காரன் தங்கச்சி பாக்கியம்