பிஸ்கட்டும் கிரேவியும் ஒரே பெட்டியில்

பியூஃபோர்ட், தென் கரோலைனா
அக்டோபர், மழை விடாத ஞாயிறு

அன்புள்ள மார்லா அக்காவுக்கு,

உன் வால் எழுதிக்கொள்வது. இங்கே மூன்று மனிதர்களும் ஒன்றரைப் பாம்பும் நலம். அந்த அரைக் கணக்குக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் மலைமேல் சிகிச்சை இல்லத்தில் போனைப் பிடுங்கிவைத்துவிட்டுக் காகிதத்தை மட்டும்தான் உள்ளே விடுகிறார்களாம், அப்பா சொன்னார். என் கையெழுத்து பாம்பு நெளிவது போல இருக்கிறது என்பாயே, விஷயமே பாம்புதான். பொறுத்துக்கொள்.

முதல் காரியம்: அம்மா உனக்கு அனுப்பிய படத்தை நம்பாதே. நம் பாம்புகள் படம் எடுக்காத சாதி. எடுத்தது அம்மா. அதில் என் பிஸ்கட்டும் உன் கிரேவியும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன அல்லவா? பின்னால் ‘ஒன்றையொன்று பிரிவதே இல்லை’ என்று அம்மா எழுதி, பக்கத்தில் ஒரு இதயமும் வரைந்திருந்தாள். நான் தபாலில் போடும் முன் அந்த இதயத்துக்கு நாக்கு வரைந்தேன். பிளவுபட்ட நாக்கு. கவனித்தாயா?

இது எப்படி ஆரம்பித்தது என்றால், நீ போன பிறகும் உன் அறையில் கிரேவியின் பெட்டிக்குச் சூடு தரும் விளக்கு தினமும் சாயங்காலம் தானாக எரிந்துகொண்டிருந்தது. கதவிடுக்கில் சிவப்பாக வெளிச்சம் கசியும். உள்ளே நீ படித்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும். ஒரு நாள் அம்மா துணிக்கூடையோடு அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, ‘மார்லா, உன் சாக்ஸ் இங்க இருக்கு பாரு’ என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாளே கிரேவியை என் அறைக்குக் கொண்டுவந்து பிஸ்கட்டின் பெட்டிக்குள் விட்டாள். விளக்கையும் கழற்றிவிட்டாள்.

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பாம்புக்குக் கட்டிப்பிடிக்கத் தெரியாது, சூடான மூலை ஒன்றுதான் இருக்கிறது, அதற்குத்தான் இரண்டும் முண்டுகின்றன என்று நீ எனக்குச் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பித்தேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? ‘பிஸ்கட்டையும் கிரேவியையும் எவனாவது வேற வேற தட்டுல வைப்பானாடா?’ என்றாள். அப்பா சிரித்துவிட்டார். நீ போனதிலிருந்து அவர் சிரித்ததே அன்றுதான். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். ஒன்றன்மேல் ஒன்றை ஊற்றித் தின்னும் காலைப் பலகாரத்தின் பெயரைப் பாம்புக்கு வைத்தால் இதுதான் கதி. ‘உப்பு’, ‘சர்க்கரை’ என்று வைத்திருந்தால் தப்பித்திருப்போம்.

இரை வைப்பதும் அம்மாதான். எனக்கு இந்தப் பருவம் முழுக்கப் பள்ளிக்கூடப் பேண்டு வாத்திய ஒத்திகை. ஒவ்வொரு முறையும் இரண்டு சுண்டெலி போடுவாள். திரும்பிப் பார்த்தால் இரண்டும் இருக்காது. ‘ரெண்டு பேரும் சமத்தா சாப்பிட்டாச்சு’ என்பாள்.

நடுவில் கிரேவி சட்டை உரித்தாள். கிழியாமல் முழுசாக வந்தது. கண் இருந்த இடத்தில்கூடச் சின்னதாய் இரண்டு கண்ணாடி மூடிகள். பார்ப்பதற்கு ஆள் இருப்பது போலவே இருக்கும், உள்ளேதான் யாரும் இல்லை. அதை அம்மாவின் சமையல் கையுறைக்குள் ஒளித்துவைத்தேன். அலறுவாள் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா அதை வெளியே எடுத்தாள். மேஜைமேல் விரித்து நீவினாள். உன் உடுப்பை மடிப்பது போல நான்காக மடித்து, உன் துணிகளோடு கொண்டுபோய் வைத்தாள். அன்றிலிருந்து என் குறும்புகளை யாரும் சட்டை செய்வதில்லை. சட்டைக்குத்தான் மரியாதை.

போன சனிக்கிழமை பெட்டியைக் கழுவ இரண்டையும் வெளியே எடுத்தேன். பிஸ்கட் கையில் உருட்டுக்கட்டை போல இருந்தது. கிரேவியைத் தூக்கினால், அக்கா, அந்த உரித்த சட்டையைத் தூக்குவது போல இருந்தது. முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது. அப்பா சமையலறைத் தராசில் அவளை நிறுத்துப் பார்த்தார். உடனே எண் தெரியாதபடி கிரேவியின் முகத்தை மூடுவது போலக் கையைக் குவித்து, அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதே என்றார். இரண்டு எலியையும் பிஸ்கட்டே விழுங்கிவந்திருக்கிறது.

‘நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? ரெண்டும் காலியாச்சே’ என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்புமேல் இருந்த இரும்புச் சட்டியைப் பார்த்தாள். உனக்குத் தெரியும், நாம் தினமும் சாப்பாட்டு மேஜைக்கு நடுவில் வைத்து ஆளாளுக்கு எடுத்துப்போட்டுக்கொள்ளும் சட்டி. இறாலும் கிரிட்ஸ் சோளக்களியும் வழியவழிய இருக்கும், எழுந்திருக்கும்போது துடைத்தாற்போல் ஆகிவிடும். ‘சட்டி காலியாச்சா, எல்லாரும் சாப்பிட்டாச்சுன்னு நினைச்சுட்டேன். சட்டியத்தான் பாத்தேன், ஹாங்க். அவ தட்டப் பாக்கலயே’ என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எலியைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை. எனக்குச் சட்டி, சட்டை என்று ஒரு சிலேடை நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன். இன்னும் செரிக்கவில்லை.

இன்னொன்றும் நடந்திருந்தது, உனக்குச் சொல்ல வேண்டாம் என்றிருந்தார்கள். நீ திரும்பி வந்தால் தனியாக விடக் கூடாது என்று உன் கட்டிலைக் கழற்றி என் அறையில் போட்டுவைத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே, யாரும் யாருக்கும் சொல்லாமல், அப்பா ஒரு முனையைத் தூக்கினார், அம்மா இன்னொரு முனையைத் தூக்கினாள். நான் திருகாணிகளைத் தொப்பியில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். கட்டில் பழைய இடத்தில், சன்னலோரம். கிரேவியின் பெட்டியும் பழைய இடத்தில். விளக்கை அம்மாவே மாட்டினாள். இப்போது கதவிடுக்கில் மறுபடியும் சிவப்பு தெரிகிறது. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் மூவருமே அதைத் தாண்டும்போது மெதுவாகத்தான் நடக்கிறோம்.

நாளைக்குக் கிரேவிக்கு இரை வைக்கப் போகிறேன். இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து எடுத்துவைத்திருக்கிறேன். தின்பாளா, தெரியாது. ரொம்ப நாள் பட்டினி கிடந்தால் பசியே மறந்துபோகும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அப்போது பாம்பைப் பற்றித்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். வைத்துவிட்டு, கண்ணாடியைத் தட்டாமல், ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்காமல், கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். நான் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

அக்கா, கிரேவியோடு உனக்கு ஒரு பந்தயம் வைக்கிறேன். முதல் வாய் யார் என்று. நான் உன் பக்கம்தான் கட்டியிருக்கிறேன். அவளிடம் சொல்லிவிடாதே. ஒரு கரண்டியாக இருந்தாலும் போதும், எழுது. தோற்றாலும் பரவாயில்லை, அதையும் எழுது. உன் கட்டில் உனக்கு, உன் விளக்கு உனக்கு, சூடான மூலையும் உனக்கே. யாரும் மேலே வந்து படுக்க மாட்டோம்.

முந்திக்கொள், அக்கா.

உன் வால்,
ஓட்டிஸ்