பதினேழு சென்டிமீட்டர்

என் அன்பு மச்சான் பதினேழுக்கு,

வீட்டில் உனக்கு வைத்த பெயர் ஏழுமலை. மாற்றியது நான். உன் கண்ணீர் அஞ்சலி பேனரில்கூட, போட்டோவுக்குக் கீழே 'பதினேழு' என்றுதான் பெரிதாகப் போட்டோம்.

ஒரு சேதி. நாம் பத்தாவது படித்த பள்ளிக்கு லேப் சாமான் சரிபார்க்க என்னைக் கம்பெனியில் அனுப்பினார்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தக் குழி ஆடி இருந்தது. அதே பச்சைப் பெட்டி, மூடியில் பெயின்டில் எழுதிய அதே 15.

குவியத் தொலைவு பதினைந்து என்று சீனியர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். விடையை வைத்துக்கொண்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து எழுதுவதுதான் நம் லேப் வழக்கம். நானும் எழுதினேன். நீ மட்டும் திரையை முன்னும் பின்னும் நகர்த்தி, பிம்பம் தெளிந்த இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தாய். உனக்குப் பதினேழு வந்தது.

ஒரே ஆடி, இரண்டு விடை. சார் என்னைப் பார்த்து, "நீ அளந்தியாடா?" என்றார். "அளந்தேன் சார்" என்றேன். உன்னைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வகுப்பே சிரித்தது. அன்றைக்கே பெயரை வைத்துவிட்டேன்.

போன வாரம் அளந்தேன். ஆடியிலிருந்து இருபத்தைந்தரை சென்டிமீட்டரில் பொருள். அதன் உயரம் இரண்டு சென்டிமீட்டர். திரையில் தலைகீழாக விழுந்த பிம்பம் நான்கு. உருப்பெருக்கம் இரண்டு. தூரத்தை அதால் பெருக்கினால் ஐம்பத்தொன்று. உருப்பெருக்கத்தோடு ஒன்று கூட்டி, அந்த மூன்றால் ஐம்பத்தொன்றை வகுத்தால் பதினேழு. இடம் மாற்றி மாற்றி வைத்தேன். பதினேழுதான். நமக்கு முன்னாலேயே பழைய ஆடி எப்போதோ உடைந்து, வேறொன்றை அதே பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பத்து நிமிட வேலை மச்சான். அன்றைக்கு ஏன் செய்யவில்லை நான்?

ஆடியோடு போயிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். கடைசி நாளன்று வேங்கிக்கால் டீக்கடையில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே சொன்னாய்: "காலையிலேர்ந்து ஒரு மாதிரி அழுத்துதுடா. கையும் இழுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

நான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன் ரீடிங்கை எவன்டா நம்புவான், பதினேழு? கேஸ் ட்ரபிள்தான். சோடா குடி."

சிரித்தாய். குடித்தாய். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினாய். ஊர் வருவதற்குள் சீட்டிலேயே முடிந்துவிட்டது. அப்போது சிரித்தாயே, என்னை நம்பியா?

காரியத்தன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. "வலிக்குதுன்னு உன்கிட்டயாவது சொன்னானா, தினா?"

"ஒண்ணும் சொல்லல அத்தை."

அதிலிருந்து, வாயைத் திறந்து சொல்லாமலே போய்விட்டான் என்று அத்தை உன்னைத் திட்டித் திட்டி அழுகிறது. மறுபடியும் தப்பு உன் மேல்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ சொன்னதை அத்தையிடம் அப்படியே சொல்வேன். நான் சொன்னதையும். பிறகு இந்தக் கடிதத்தை நம் வகுப்பு குரூப்பில் போடுவேன். அதற்கப்புறம் உங்கள் வீட்டுப் படி ஏற எனக்கு முகம் இருக்காது. எதுவும் சரியாகப் போவதுமில்லை. ஆனால் சொல்வேன், ஏழுமலை.

அளக்காமல் எழுதிய உன் அத்தை மகன்,
தினகரன்